இந்த வண்டி அதை இழுக்காது!

இழுவைப் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையென்றால் ஒரு டிரெய்லர் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துங்கள், அவரே வந்து உங்களைப் பார்ப்பார். சாமான் ஏற்றும் டிரெய்லரைச் சொல்லவில்லை. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, மடக்கு மேசை எல்லாம் வைத்து, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறோமே, அந்தச் சக்கரம் வைத்த வீட்டைச் சொல்கிறேன். எங்கள் வடக்கு இண்டியானாவில் தெருவுக்குத் தெரு, வீட்டு வாசலில் இன்னொரு வீடு நிற்கும். அந்த வீட்டுக்கும் அதை இழுக்கப்போகும் வண்டிக்கும் பொருத்தம் பார்க்கவே பிறவி எடுத்தவர்தான் பண்டிதர். பொருந்தாது என்பது அவர் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரும் தீர்ப்பு. வண்டியைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் சும்மா சடங்கு.

அந்தச் சடங்கைப் பார்க்க வேண்டுமே! கூப்பிடாமல் வருவார். கையில் காபிக் குவளை இருக்கும், அதைக் குடிக்க மாட்டார். உங்கள் வண்டியை ஒரு சுற்று, டிரெய்லரை ஒரு சுற்று, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் புல்லில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, எழுந்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டி, டயருக்கு ஓர் உதை கொடுத்து, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கும் சின்னத் தாளை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு படிப்பார். படித்துவிட்டு "ம்ம்ம்" என்பார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்கிறாரே, அதே "ம்ம்ம்"தான்.

"இதையா இழுக்கப் போறீங்க?"

"ஆமாங்க."

"இதாலயா?"

"ஆமாங்க. தாராளமா இழுக்கும்னு கடைக்காரர் சொன்னாரே."

"இழுக்கும், இழுக்கும். யாரு இல்லேன்னாங்க? நிறுத்துமா?"

தீர்ந்தது. இனி உங்களுக்குத் தூக்கம் கிடையாது. மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் நீங்களும் உங்கள் குடும்பமும் உங்கள் கழிப்பறையும் சேர்ந்து உருண்டு போகும் காட்சியை அவர் உங்கள் தலைக்குள் ஓடவிட்டாயிற்று. எங்கள் ஊரில் மலையே கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சோளக்காடு, தட்டுப்போல. அதனால் என்ன? பயப்படுகிறவனுக்கு மலை எதற்கு?

இத்தோடு விட்டாலும் பரவாயில்லை. "தண்ணித் தொட்டி நெறஞ்சிருக்கா, காலியா?" என்பார். "நாய் உண்டா? என்ன ஜாதி நாய்?" என்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்டம்மா என்ன வெயிட்டு இருப்பாங்க?" என்பார். தப்பாக நினைக்காமல் என்ன செய்வது? போன வருடம் எங்கள் சபை விருந்தில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து நீள மேசையில் வைத்துவிட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, ஒரு பண்டிதர் பாதிரியாரின் மனைவியிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். அந்த அம்மாள் உருளைக்கிழங்கு சாலட் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அவர் கடைசி பெஞ்சில் உட்காருகிறார்.

பண்டிதர்களுக்குள் உட்பிரிவுகள் உண்டு. "எதுவானாலும் ஒரு சைஸ் பெரிசா வாங்கு" என்பவர்கள் ஒரு கட்சி. அவர்களிடம் கப்பலைக் காட்டினாலும் அதைவிட ஒரு சைஸ் பெரியது சொல்வார்கள். இன்னொரு கட்சிக்கு எங்கள் தெருக்கோடி ஆர்வில் கிழவர் தலைவர். "எங்கப்பா ஆறு பிள்ளைங்களையும் எங்கம்மாவையும் ஒரு சாதா கார்ல திணிச்சு, பின்னால டிரெய்லரையும் மாட்டி, சிகரெட் பிடிச்சுக்கிட்டே ஒத்தைக் கையால ஓட்டிட்டுப் போவாரு. எவன் எந்தத் தாளைப் படிச்சான்?" என்பார். அந்தப் பயணங்கள் எப்படி முடிந்தன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் இவர்கள் எல்லாரும் வெறும் வித்துவான்கள். சக்கரவர்த்தி என்று ஒருவரைத்தான் சொல்ல வேண்டும். எனக்கு எதிர்வீட்டுக்காரர், வென்டல் ஹோஸ்டெட்லர். தொழில் காப்பீட்டு ஏஜெண்ட். என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று பகலெல்லாம் ஊராருக்குச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தனக்கே சொல்லிக்கொள்கிற மனுஷர். நல்லவர். பனிக்காலத்தில் என் வாசல் பனியையும் சேர்த்து வாரிப் போடுவார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனசே வராது. ஆனால் செய்யாமலும் இருக்க முடியவில்லை, என்ன பண்ணச் சொல்கிறீர்கள்?

வென்டல் பிறவிப் பண்டிதர் இல்லை. மகள் டெலியாவுக்குப் பதினாலு வயதாகும்போது, மனைவி ஜோலீன் ஒரு நாள் சொன்னாள்: "வென்டல், இவ காலேஜுக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது மூணு பேரும் ஒண்ணா ஏரிக்குப் போயிட்டு வரணும். ஓட்டல்ல ரூம் போட்டு இல்ல. ஒரே கூரைக்குக் கீழ, ஒரு வாரம். அப்புறம் இவ நம்ம கையில சிக்கமாட்டா." நியாயமான ஆசைதானே? வென்டலுக்கும் மகள் என்றால் உயிர். உடனே மூன்று பேரும் போய் ஒரு டிரெய்லர் வாங்கினார்கள். பின்பக்கம் அடுக்குக் கட்டில் இருந்தது. டெலியா கடையிலேயே மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அதை இழுக்க ஒரு பிக்கப் வாங்கினார்கள். விற்றவன், "சார், இது உங்க வீட்டையே அஸ்திவாரத்தோட இழுத்துட்டு வந்துரும்" என்றான். ஏரிக்கரையில் இடம் பதிவு செய்தாயிற்று. அப்பளம்போல மெல்லிய சுவர்களின் ஜன்னல்களுக்கு ஜோலீன் திரைச்சீலைகூடத் தைத்து மாட்டினாள். கிளம்ப வேண்டிய காலை, வென்டல் கண்ணாடி துடைப்பதற்காக ஓட்டுநர் கதவைத் திறந்தார். கதவோரத் தாளைப் படித்தார்.

விஷயம் இதுதான். ஒரு பிக்கப்புக்கு இரண்டு திறமை உண்டு. பின்னால் இழுக்கிறது ஒன்று, தன் முதுகில் சுமக்கிறது ஒன்று. விளம்பரத்தில் இழுக்கிற திறமையைக் கொட்டை எழுத்தில் போடுவான். சுமக்கிற திறமையைக் கதவிடுக்கில் எறும்பு எழுத்தில் ஒட்டுவான். ஏறி உட்காருகிற ஆள், நாய், பெட்டி, விறகு எல்லாம் சுமைக் கணக்கு. போதாததற்கு டிரெய்லரின் முன்பாரமும், அதாவது அதன் மூக்கு வண்டியின் பின்பக்கத்தை அழுத்துகிற கனமும், அதே கணக்கில்தான் சேரும். முன்பாரத்தைக் குறைக்கலாம் என்று சாமானைப் பின்னால் தள்ளினால் பின்பாரம் ஏறி, டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டும். ஆக, வென்டலின் வண்டி டிரெய்லரை இழுக்கும், ஆனால் குடும்பத்தைச் சுமக்காது. குடும்பத்தைச் சுமக்கும், ஆனால் டிரெய்லரை மாட்டக்கூடாது. கேட்டீர்களா கூத்தை!

இதில் ஒன்றும் பொய் இல்லை. எல்லாரும் கொஞ்சம் சாமானை இறக்கி வைத்துவிட்டு, வலப்பக்கமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்கள். வென்டல் போகவில்லை. அந்த ஒரு வாரமும் குடும்பம் வாசலிலேயே முகாம் போட்டது. காருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே நெருப்பு மூட்டி, குச்சியில் இனிப்பு மிட்டாயைச் சொருகி வாட்டித் தின்றார்கள். டெலியா மேல்கட்டில் ஜன்னலைத் திறந்து என் வீட்டுப் புல்வெளியைப் பார்த்து, "ஏரி ரொம்ப அழகா இருக்குப்பா!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

அடுத்த கோடைக்குள் பெரிய டீசல் பிக்கப் வந்து நின்றது. தோல் இருக்கைகள், கூரையில் கண்ணாடி ஜன்னல், கதவைத் திறந்தால் தானே இறங்கி வருகிற படி. வென்டல் மாப்பிள்ளைத் தோழன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஆர்வில் கிழவர்தான் போய்க் கதவோரத் தாளைப் படித்துவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தார்.

"ஏம்ப்பா வென்டல், பழைய வண்டியவிட இது கம்மியால்ல சுமக்குது?"

"அதெப்படி? இது எவ்வளவு பெரிசு!"

"பெரிசுதான். அதான் சொல்றேன். எஞ்சினே ஒரு எருமை கனம். தோல் சீட்டு, கண்ணாடிக் கூரை, தானா எறங்குற படிக்கட்டு, எல்லாத்தையும் அதுவே சுமந்துக்கிட்டு நிக்குது. உன்ன எங்க சுமக்கும்? உனக்கு இதுல எடமில்லப்பா, இது தன்னைத்தானே ஏத்திக்கிட்டுக் கெளம்பிரும்."

அந்தக் கோடையும் போயிற்று. டெலியாவுக்குப் பதினைந்து.

மூன்றாம் கோடைக்கு வந்தது ஒரு ராட்சச வண்டி, பின்னால் மட்டும் நான்கு சக்கரம். எங்கள் தெருவில் திரும்பும்போது தபால் பெட்டிகள் தாமாக ஒதுங்கி நின்றன என்றே சொல்லலாம். இப்போது குடும்பம், நாய், முன்பாரம் எல்லாவற்றையும் சுமந்தும் மிச்சம் இருந்தது. அப்பாடா, இனி கிளம்பவேண்டியதுதானே என்கிறீர்களா? பண்டிதரை நீங்கள் புரிந்துகொண்டது அவ்வளவுதான். வென்டல் தெருவின் எதிர்ப்பக்கம், அதாவது என் புல்வெளியில், குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"என்ன வென்டல், இன்னும் என்ன?" என்றேன்.

"வண்டி ரொம்ப முரடுப்பா. இதோட ஸ்பிரிங் இரும்பா நிக்குது. இவ்வளவு சின்ன டிரெய்லரை மாட்டினா குலுக்கற குலுக்குல அலமாரியெல்லாம் கழண்டு விழுந்துரும். இதுக்கு ஏத்த டிரெய்லரா பார்க்கணும்."

பார்த்தார். வாங்கினார். இருந்ததைவிட ஒன்றரை மடங்கு நீளம். நடுவில் பளிங்கு மேடை வைத்த சமையலறை, சுவரில் மின்சாரக் கணப்பு, இரண்டு சாய்வு நாற்காலி. அடுக்குக் கட்டில் இல்லை. டெலியாவுக்கு விரித்து மடக்குகிற சோபா. அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பளிங்கு மேடையின் கனமும் கணப்பின் கனமும் சேர்ந்து ராட்சச வண்டியின் கணக்கை மறுபடியும் மீறிவிட்டன என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

நான்காவது கோடை, அதாவது டெலியா கல்லூரிக்குப் போகவேண்டிய கோடை, வென்டல் வண்டியை மாற்றவில்லை. குடும்பத்தை மாற்ற ஆரம்பித்தார். ஜோலீனின் இரும்பு வாணலி முதலில் போயிற்று. அதில் அவள் கல்யாணமான நாளிலிருந்து அப்பம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு பீங்கான் தட்டுகள் காகிதத் தட்டுகள் ஆயின. போர்வைகள் மெலிந்தன. பிஸ்கட் என்ற அவர்கள் நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு குறைந்தது. அது என் வீட்டுக்கு வந்து மிச்ச வேளையைத் தின்று, கோடை முடிவதற்குள் முன்னைவிடப் பெருத்தது. காலையில் குளியலறைத் தராசில் ஏறாமல் யாருக்கும் பான்கேக் கிடையாது.

"அப்பா, ஒரு சந்தேகம்" என்றாள் டெலியா ஒரு நாள். "மூச்ச உள்ள இழுத்தா வெயிட்டு ஏறுமா, எறங்குமா?"

"கிண்டல் பண்ணாத. இதெல்லாம் உங்க பத்திரத்துக்குத்தான்."

"பத்திரமாத்தானே இருக்கோம். வாசலைத் தாண்டினாத்தானே ஆபத்து?"

ஜூலையில் ஒரு நாள் மூவரையும் நாயையும் ஏற்றி, டிரெய்லரை மாட்டி, கூட்டுறவுக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோனார். கோதுமை அறுவடை நேரம். பின்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வென்டல் இறங்குகிறார், ஏறுகிறார், நாயை இறக்கிப் பார்க்கிறார், ஏற்றிப் பார்க்கிறார், ஜோலீனை முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்கு மாற்றிப் பார்க்கிறார். கிடங்குக்காரி லவோன் ஜன்னலிலிருந்து ஒவ்வொரு முறையும் எடையைக் கத்துகிறாள். பின்னால் நின்ற குடியானவர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. தலையை வெளியே நீட்டிக் கேட்டார்:

"என்னப்பா, குடும்பத்தையே விக்க வந்துட்டியா? பவுண்டு என்ன விலை?"

ஜோலீன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வென்டலுக்குக் காதில் விழவே இல்லை. அவர் எண்களோடு இருந்தார்.

அன்று திரும்பி வந்ததும் ஜோலீன் வாசலில் நின்றபடியே சொன்னாள். என் வீட்டு வரை கேட்டது.

"வென்டல், ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை கெளம்பறோம். அது தவறினா இனிமே கெடையாது. இவ போயிருவா. புரியுதா? போயிருவா."

"கண்டிப்பா, ஜோலீன். சத்தியமா. அதுக்குள்ள எல்லாத்தையும் சரிபண்ணிடறேன்."

அந்தச் சனிக்கிழமை வெயில் பளீரென்று அடித்தது. "பின்னாடி கார்ல வந்து டயரெல்லாம் எப்படி உருளுதுன்னு பாருப்பா" என்று வென்டல் கெஞ்சியதால் நானும் கூடப் போனேன். ஊர்வலம் நேராகப் போனது ஏரிக்கு இல்லை, எடைமேடைக்கு. கடைசியாக ஒரே ஒரு தடவை என்றார். லவோன் எடையைச் சொன்னாள். வென்டல் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்தார்.

"தண்ணிய முழுசாக் கொட்டியாச்சு. விறகு எறக்கியாச்சு. நாற்காலி எறக்கியாச்சு. பிஸ்கட்டை இவர் கார்ல ஏத்தியாச்சு." என் மடியில் பிஸ்கட் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு ஆள் கனம் ஜாஸ்தியா இருக்கு. ஒரே ஒரு ஆள்."

ஒரு வண்டியில் மூன்று பேர். ஒரு ஆள் அதிகம். கணக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள்!

"இல்ல… டெலியா அவ கார எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வரட்டுமே" என்றார் வென்டல் மெல்ல. "அங்க போயி எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கப்போறோம்?"

ஜோலீன் வாயைத் திறப்பதற்குள் டெலியா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "பரவாயில்லப்பா. எப்படியும் ரெண்டு வாரத்துல எறங்கத்தானே போறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. மறுபக்கக் கதவும் திறந்தது. ஜோலீன் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நானும் எறங்கிட்டேன். இப்ப நல்லா லேசாயிருக்குமே. சந்தோஷமா?"

இருவரும் என் காரிலேயே வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆர்வில் கிழவரிடம் ஒரு பழைய கூடாரத்தை இரவல் வாங்கி, டெலியாவின் தீப்பெட்டிக் காரில் அதையும் நாயையும் இரும்பு வாணலியையும் திணித்து, அரை மணி நேரத்தில் கிளம்பிப் போயே விட்டார்கள். அந்தக் காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிழவர் மட்டும் கையைத் தட்டி வழியனுப்பினார்.

வென்டல் பின்னாலேயே வந்துவிடுவதாகத்தான் அவர்களிடம் போனில் சொன்னார். வரவும் கிளம்பினார். நெடுஞ்சாலைக்குத் திரும்புகிற இடம் வரை போய்விட்டார். அங்கே போனதும் அவருக்கு ஒரு யோசனை தட்டியது. இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள், சாமானில் பாதி இறங்கிவிட்டது, தண்ணீர் இல்லை, அப்படியானால் டிரெய்லரின் முன்பாரம் இப்போது அளவுக்குமேல் குறைந்திருக்குமோ? வாலாட்டுமோ? வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அடடா, முந்தி கனம் கூட என்று போகவில்லை, இப்போது கனம் குறைவு என்று போகவில்லை! அந்த வாரம் முழுவதும் மணல் மூட்டைகளை டிரெய்லருக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் தூக்கிக்கொண்டிருந்தார். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் மூக்கு உரிந்து, தலைமயிரில் ஏரித் தண்ணீர் வாடையோடு வந்து இறங்கினார்கள். கூடாரம் இரண்டு நாள் ஒழுகியதாம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். வென்டல் மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

டெலியா கல்லூரிக்குப் போனாள். மேற்கே, ஒரு நாள் முழுக்க ஓட்டினால்தான் போய்ச் சேரலாம். அந்தத் தீப்பெட்டிக் காரிலேயே போனாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, மரமெல்லாம் சிவக்க ஆரம்பித்திருந்தது, நான் வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தேன். வென்டல் தன் வாசலிலிருந்து குதித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"சரியா இருக்குப்பா! அச்சு அசலா! இப்பத்தான் எடைமேடைக்குப் போயிட்டு வர்றேன். சுமை, முன்பாரம், பிரேக்கு, எல்லாம் கச்சிதம். ஒரு பவுண்டு கூட இல்ல, கொறைச்சல் இல்ல. நாலு வருஷமாச்சு, கடைசியில பொருந்திருச்சு!" தன் வீட்டைப் பார்த்துத் திரும்பி, "ஜோலீன்! ஜோலீன்! ஏரிக்குப் போலாம்! இன்னிக்கே போலாம்!" என்று கத்தினார்.

ஜோலீன் பாத்திரம் துடைக்கிற துணியோடு வெளியே வந்து படியில் நின்றாள். அவரை உற்றுப் பார்த்தாள்.

"எதை எறக்கினே, வென்டல்?"

"ஒண்ணையுமே எறக்கல! அதான் அதிசயமே! தண்ணி ரொப்பியிருக்கேன். விறகு இருக்கு. உன் வாணலி இருக்கு. சாய்வு நாற்காலி ரெண்டும் இருக்கு. பிஸ்கட் ஏறியிருந்தான். நீ கூட வர்றதாத்தான் உன் கனத்துக்கு மணல் மூட்டை வச்சேன். நான் இருக்கேன். அப்புறம்…"

விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஜோலீன் துணியை மடித்துக்கொண்டே உள்ளே போனாள். வென்டல் டிரெய்லரின் படியில் உட்கார்ந்தார். நான் இலை வாருகிறாற்போல நடித்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், வாசகரே. உங்களுக்கென்ன, உங்களிடம் டிரெய்லரும் இல்லை, பிக்கப்பும் இல்லை, முன்பாரமும் இல்லை. நீங்கள் விவரமானவர். வீட்டுக் கடன் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள்? பதவி உயர்வு வரட்டும், கொஞ்சம் நல்ல காராக வாங்கட்டும், மழை நிற்கட்டும் என்றுதானே? அது எப்படிப் பண்டிதத்தனம் ஆகும்? அது பொறுப்பு. ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற அந்த நல்ல நாளில், வாசலில் நின்று "கிளம்பலாம், வாங்க!" என்று நீங்கள் கூப்பிடுவீர்களே, அப்போது உள்ளேயிருந்து எத்தனை பேர் வருவார்கள்?